கிறீன் பின்னில் புழு வந்தால் பின்னைக் கைவிடாதீர்கள், மீன் வாங்கும் நாளை மாற்றுங்கள்

கேள்வி: வணக்கம் அண்ணா. ஒன்பது வருடம் அப்பார்ட்மென்றில் இருந்துவிட்டு, போன வருடம்தான் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் வீடு வாங்கி வந்தோம். நாங்கள் இரண்டு பேர், இரண்டு பிள்ளைகள் (சின்னவன் இன்னும் பம்பர்ஸ்தான்), மாமா, மாமி. கிழமைக்கு இரண்டு நாள் மீன். வந்த புதிதில் ஆசையாகக் கிறீன் பின் (சாப்பாட்டுக் கழிவு போடும் பச்சைத் தொட்டி) பாவித்தேன். யூலை மாதம் ஒரு நாள் மூடியைத் திறந்தால் விளிம்பு முழுக்க வெள்ளைப் புழு. அடுத்த கிழமை றக்கூன் பின்னைத் தட்டிக் கொட்டி, பக்கத்து வீட்டு வாசல்வரை இறால் கோது. அந்த மனுசி முகம் கொடுத்துப் பேசவே ஒரு மாதம் ஆனது. அன்றிலிருந்து எல்லாவற்றையும் காபேஜ் (குப்பை) பின்னிலேயே போடுகிறேன். "ஊரில் மாதிரி பின்வளவில் ஒரு கிடங்கு வெட்டித் தாட்டால் அலுவல் முடிந்தது" என்கிறார் மாமா. பிரம்ப்டனில் இருக்கும் தம்பி, பிளாஸ்ரிக் பையில் கட்டிப் போடுவதே பிழை என்கிறான். வேலையிடத்தில் ஒருவர், எல்லாம் ஒரே ட்ரக்கில்தான் போகிறது, பிரித்து என்ன பயன் என்கிறார். யார் சொல்வது சரி? நான் திரும்பத் தொடங்க வேண்டுமா? (ஸ்காபரோ வாசகி)

பதில்:

வணக்கம் தங்கச்சி. தொடங்குங்கள், இந்தக் கிழமையே தொடங்குங்கள். உங்களுக்கு நடந்தது எனக்குப் புதிதல்ல. பதினெட்டு வருடமாக இந்த உணவுக் கழிவு வேலையில்தான் இருக்கிறேன், எங்கள் ஆட்களின் வீடுகளுக்குப் போய் பின்னைத் திறந்து பார்ப்பதும் அதில் ஒரு பகுதி. கிறீன் பின்னைக் கைவிட்ட வீடுகளில் பத்துக்கு எட்டு வீட்டில் காரணம் புழுதான். அவர்கள் அசுத்தமானவர்கள் என்பதால் புழு வரவில்லை, நாள் கணக்குப் பிழைத்ததால் வந்தது.

நீங்கள் எழுதியதில் ஒரு சொல் எனக்கு உடனே பிடிபட்டது: "விளிம்பு முழுக்க". இலையான் மீன் குடலில் முட்டை இட்டால் கோடை வெயிலில் ஒரு நாளுக்குள் பொரிக்கும். பொரித்த புழு நாலைந்து நாள் அந்த ஈரத்துக்குள்ளேயே தின்றுகொண்டு கிடக்கும், அப்போது நீங்கள் மூடியைத் திறந்தாலும் அநேகமாகக் கண்ணில் படாது. வயிறு நிறைந்த பிறகுதான் கூட்டுப்புழுவாக மாறுவதற்குக் காய்ந்த இடம் தேடி மேலே ஏறும். விளிம்பில் நீங்கள் கண்டது வளர்ந்து முடிந்து வெளியே கிளம்பிய புழு. அப்படியென்றால் அந்த மீன் பின்னுக்குள் குறைந்தது ஐந்து நாளாவது கிடந்திருக்கிறது. ஒன்று, ஒரு கிழமை பின்னை வெளியே வைக்கத் தவறியிருப்பீர்கள், இல்லாவிட்டால் ட்ரக் வந்துபோன அடுத்த நாளே மீன் வெட்டியிருப்பீர்கள்.

கிழமைக்கு இரண்டு நாள் மீன் என்று எழுதியிருக்கிறீர்கள், ட்ரக் வருவது எந்த நாள் என்று எழுதவில்லை. எனக்கு அதுதான் முக்கியம். ரொறன்ரோவில் காபேஜும் மீள்சுழற்சிக்கான நீலப் பின்னும் ஒரு கிழமை விட்டு ஒரு கிழமை எடுப்பார்கள், கிறீன் பின்னை மட்டும் ஒவ்வொரு கிழமையும் எடுப்பார்கள். அது சும்மா வைத்த ஏற்பாடு அல்ல. முட்டையிலிருந்து இலையான் ஆவதற்குக் கோடையில் ஏழு முதல் பத்து நாள் வரை ஆகும், கிழமைக்கு ஒருமுறை எடுத்தால் அந்தச் சுற்று முடிவதற்கு முன் அறுந்துவிடும். அதனால் பின் கால்வாசிதான் நிரம்பியிருக்கிறது, அடுத்த கிழமை வைப்போம் என்று விடவே கூடாது. இரண்டு கைப்பிடி மரக்கறித் தோல்தான் கிடக்கிறது என்றாலும் வெளியே வையுங்கள். காலை 7 மணிக்கு முதல் வைத்துவிட வேண்டும்.

இப்போது மீன். உங்கள் தெருவுக்கு வெள்ளிக்கிழமை ட்ரக் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். சனிக்கிழமை காலை கடைக்குப் போய் மீன் வாங்கி வந்து வெட்டினால் அந்தக் குடலும் செதிலும் ஆறு நாள் உங்கள் கராஜ் பக்கத்தில் வேகும். அதே மீனைப் புதன் அல்லது வியாழன் வாங்கினால் ஒரு இரவு, கூடினால் இரண்டு இரவு. அவ்வளவுதான் வித்தியாசம். வெள்ளிக்கிழமை சைவம் என்று இருக்கும் வீடு என்றால் இது இன்னும் வசதி, வியாழனோடு மீன் முடிந்துவிடும். சனி, ஞாயிறில்தான் எல்லோரும் வீட்டில் இருக்கிறார்கள், அன்றைக்கு மீன் இல்லாமல் சரிவராது என்றால் கடையிலேயே வெட்டிச் சுத்தம் செய்து தரச் சொல்லுங்கள். ஸ்காபரோவில் எங்கள் மீன் கடைகள் எல்லாம் செய்து தருகின்றன, குடலும் செவுளும் அங்கேயே நின்றுவிடும். மீன் தலை குழம்புக்கு வேண்டும் என்று மாமி சொல்வா, அதைக் கொண்டு வரலாம், சமைத்து மிஞ்சும் எலும்பு அவ்வளவு நாறாது.

இறால் கோது, நண்டுக் கோது வேறு கதை. அதற்கு ஒரே வழி ஃப்ரீசர்தான். பாண் வந்த பிளாஸ்ரிக் பை ஒன்றில் போட்டு, காற்றை அமத்தி வெளியேற்றி, முடிச்சுப் போட்டு, ஃப்ரீசரில் ஒரு மூலையில் வைத்துவிடுங்கள். ட்ரக் வரும் காலையில், அல்லது முதல் நாள் படுக்கப் போகும்போது, எடுத்துப் பின்னில் போடுங்கள். இதைச் சொன்னதும் பல வீடுகளில் மாமிமார் முகம் சுழிப்பதைப் பார்த்திருக்கிறேன், சாப்பாடு வைக்கிற இடத்தில் கழிவை வைப்பதா என்று. அந்த மனக்குறை நியாயமானது, அதைத் தட்டிக் கழிக்காதீர்கள். பேஸ்மென்றில் இரண்டாவது ஃப்ரீசர் இருந்தால் அதில் வையுங்கள். இல்லாவிட்டால் ஒரு பழைய ஐஸ்கிறீம் டப்பாவை இதற்கென்றே ஒதுக்கி, மூடி போட்டு, கீழ்த்தட்டில் வையுங்கள். இன்று காலை வரை சாப்பாடாக இருந்த இறாலின் கோதுதான் அது, உறைந்து கிடக்கும்வரை அது அழுகுவதும் இல்லை, மணப்பதும் இல்லை என்று மாமியிடம் சொல்லுங்கள்.

புழுவுக்கு நாள் கணக்கு காரணம் என்றால், மணத்துக்குத் தண்ணீர் காரணம். எங்கள் சமையலில் தண்ணீர் அதிகம். சொதி, ரசம், பருப்பு, தேங்காய்ப்பால் பிழிந்த சக்கை, தேத்தண்ணி போட்ட சாயச் சக்கை என்று எல்லாமே ஈரம். அந்த ஈரம் பையின் அடியில் இறங்கி, காற்றுப் புகாமல் கிடந்து புளிக்கும்போதுதான் அந்த அடிவயிற்றைக் குமட்டும் நாற்றம் வருகிறது. வெங்காயத் தோலும் காய்ந்த பாணும் ஒரு கிழமை கிடந்தாலும் அப்படி நாறாது. ஆகவே மிஞ்சிய கறியைக் கொட்டும்போது சிங்க்கில் வடிதட்டு ஒன்றை வைத்து அதில் கொட்டுங்கள், குழம்பு வடியட்டும், கட்டியை மட்டும் பின்னுக்குப் போடுங்கள். (எண்ணெய் மிதக்கிற குழம்பைச் சிங்க்கில் விடாதீர்கள், அது குழாயில் போய் உறைந்து அடைக்கும். அதைக் காகிதத்தில் ஒற்றியெடுங்கள்.) தேத்தண்ணிச் சக்கையைப் பிழிந்து போடுங்கள்.

அப்புறம் பேப்பர். கடைவாசலில் இலவசமாக அடுக்கி வைத்திருக்கும் தமிழ்ப் பத்திரிகைகளைப் படித்து முடித்ததும் எறியாமல் குசினியில் ஒரு அடுக்கு வைத்திருங்கள். குசினியில் கழிவு சேர்க்கிற சின்னப் பெட்டியின் அடியில் ஒரு தாள், நனைந்த கழிவு ஒரு கை போட்டால் மேலே ஒரு தாள். கோழித் தோல், மீன் எலும்பு என்றால் தாளில் சுற்றியே போடுங்கள். பேப்பர் ஈரத்தைக் குடிப்பதோடு இலையானையும் தடுக்கும், ஏனென்றால் அது முட்டை இடுவது வெளியே பின்னில் மட்டும் இல்லை, குசினியில் மூடாமல் வைத்த பாத்திரத்திலும்தான். நீங்கள் மீனை வெட்டிவிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் கழிவை எடுத்துப் போட்டால், முட்டையையும் சேர்த்தே கொண்டுபோய்ப் போடக்கூடும். வெட்டியதும் மூடுங்கள்.

சரி, பழைய பின் எந்த நிலையில் இருக்கிறதோ தெரியாது, முதலில் அதைக் கழுவுங்கள். நல்ல சுடுதண்ணீர், ஒரு கைப்பிடி உப்பு, கொஞ்சம் வினாகிரி, அரை மணி நேரம் ஊறவிட்டுத் தும்புக்கட்டையால் தேய்த்தால் போதும். அந்தத் தண்ணீரை எங்கே ஊற்றுகிறீர்கள் என்பதுதான் முக்கியம். ட்ரைவ்வேயில் ஊற்றினால் தெருவோர மழைநீர்க் கானுக்குள் போகும், அந்தக் கான் ஸ்காபரோவில் எந்தச் சுத்திகரிப்பும் இல்லாமல் ஓடைக்கும் அங்கிருந்து ஒன்ராறியோ ஏரிக்கும் போகிறது. புல்லில் ஊற்றுங்கள். பிறகு மூடியைத் திறந்து வெயிலில் காயவிட்டு, அடியில் ஒரு தடித்த அட்டைத் துண்டு அல்லது நாலைந்து பத்திரிகைத் தாள் போட்டுத் தொடங்குங்கள். இந்த அடித்தாள் குளிர்காலத்தில் இன்னும் அவசியம். மாசி மாதம் கழிவு பின்னின் அடியோடு ஐஸாக ஒட்டிக்கொள்ளும், ட்ரக்கின் கை பின்னைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் விழாது, பாதி நிறைந்த பின்னோடு நீங்கள் அடுத்த கிழமையைத் தொடங்க வேண்டி வரும்.

றக்கூனைப் பற்றி. இப்போது ரொறன்ரோவில் இருக்கும் பெரிய பச்சைப் பின் 2016இலிருந்து கொடுத்தது, றக்கூனின் கைக்குத் திறக்க முடியாதபடி மூடியில் திருப்புகிற பூட்டு வைத்து வடிவமைத்தது. பூட்டைப் போட்டபடியே வெளியே வைக்கலாம், ட்ரக் கவிழ்க்கும்போது தானாகத் திறக்கும். பூட்டு வேலை செய்கிறதா என்று நீங்கள் எப்போதாவது பார்த்தீர்களா? நான் போகிற வீடுகளில் ஒன்று பூட்டைத் திருப்பாமலே விட்டிருப்பார்கள், இல்லாவிட்டால் பை முட்டிக்கொண்டு மூடி கால் அங்குலம் தூக்கி நிற்கும், பூட்டு திரும்பியும் கொளுவியிருக்காது. இன்று மாலை போய் மூடியை ஒரு கையால் அழுத்திப் பூட்டைத் திருப்பிவிட்டு, பின்னைச் சாய்க்காமல் மூடியை மேலே இழுத்துப் பாருங்கள். வந்துவிட்டால் பூட்டு உடைந்திருக்கிறது, மாநகராட்சியின் 311 இலக்கத்துக்கு அழைத்துச் சொல்லுங்கள், திருத்தித் தருவார்கள். வீடு வாங்கும்போது பழைய ஆட்கள் விட்டுப்போன பின் அது, எத்தனை றக்கூன் அதில் தொங்கியதோ. இன்னொன்று, பின்னைச் சுவரோடு ஒட்டி, முடிந்தால் கராஜுக்குள் வையுங்கள். தனியாக நிற்கிற பின்னைத்தான் அது தட்டி விழுத்தும்.

இப்போது தம்பி சொன்னதற்கு வருவோம். தம்பி சொன்னது பிழை இல்லை, ஆனால் அது பிரம்ப்டனுக்குச் சரி. பிரம்ப்டனும் மிசிசாகாவும் பீல் பகுதியில் சேரும், அங்கே உக்கக்கூடிய பை அல்லது காகிதப் பைதான், பிளாஸ்ரிக் கூடாது, பம்பர்ஸும் கூடாது. ரொறன்ரோவில் பிளாஸ்ரிக் பையில் கட்டிப் போடலாம், பம்பர்ஸ் போடலாம், பூனை, நாய்க் கழிவுகூடப் போடலாம். எங்கள் ஆட்கள் ஸ்காபரோ, மார்க்கம், ஏஜக்ஸ், பிரம்ப்டன் என்று சிதறி இருந்துகொண்டு ஒரே கலியாண வீட்டில் சந்தித்து ஆளுக்காள் ஆலோசனை சொல்வதால்தான் இந்தக் குழப்பம் முழுக்க. ஒரு இடத்து விதியை இன்னொரு இடத்துக்குக் கொண்டுபோகவே கூடாது. ஏன் வித்தியாசம் என்று தெரிந்தால் மறக்காது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ரொறன்ரோவுக்கு இந்தக் கழிவைப் பதப்படுத்தச் சொந்தமாக இரண்டு நிலையங்கள் இருக்கின்றன, ஒன்று எற்றோபிக்கோவில் டிஸ்கோ வீதியில், மற்றது நோர்த் யோர்க்கில் டஃபரினில். ட்ரக் கொட்டும் இடத்தில் போய் நின்றால் முதலில் கண்ணை எரிக்கும், ஐந்து நிமிடத்தில் மூக்குப் பழகிவிடும். மலை மாதிரி குவிந்து கிடப்பதில் பெரும்பாலும் பைகள்தான் தெரியும், நீலமும் வெள்ளையும் பச்சையுமாக. அதை அள்ளிக் கிணறு அளவிலான ஒரு தொட்டிக்குள் போட்டு, தண்ணீர் விட்டு, அடியில் உள்ள பெரிய விசிறியால் கலக்குகிறார்கள். பை கிழியும். சாப்பாடு கஞ்சி மாதிரிக் கரையும். பிளாஸ்ரிக் மேலே மிதக்கும், அதை வாரி எடுப்பார்கள். கண்ணாடி, எலும்பு, கல் அடியில் தங்கும். அந்த அடித் தட்டை ஒரு முறை திறந்தபோது நானும் நின்று பார்த்தேன், கரண்டிகள், முள்ளுக் கரண்டிகள், ஒரு சின்னக் கத்தி, நிறைய எவர்சில்வர் தேக்கரண்டிகள். சாப்பாட்டுத் தட்டை வழிக்கும்போது கரண்டியும் சேர்ந்து போனது யாருக்கும் தெரிந்திருக்காது.

பையைப் பிரித்தெடுக்க இந்த ஏற்பாடு இருப்பதால்தான் ரொறன்ரோ பிளாஸ்ரிக் பையை விடுகிறது. பீல் பகுதியின் முறை வேறு, அதனால் அங்கே விதி வேறு. இதில் பலர் நினைக்காத ஒன்று உண்டு: ரொறன்ரோவில் நீங்கள் காசு கொடுத்து "உக்கும் பை" வாங்கிப் போட்டாலும் அதையும் பிளாஸ்ரிக்கோடு சேர்த்து வாரி எடுத்துக் குப்பை மேட்டுக்குத்தான் அனுப்புவார்கள். ஆகவே அந்தச் செலவு உங்களுக்கு வேண்டாம். கடைகளில் பிளாஸ்ரிக் பை கொடுப்பது நின்ற பிறகு, பைக்கு எங்கே போவது என்று பலரும் கேட்கிறார்கள். பால் பை இருக்கிறதே! நாலு லீற்றர் பால் வாங்கினால் மூன்று சின்னப் பைகளையும் சுற்றி வெளியே ஒரு பெரிய பை வருகிறது, அது குசினியில் வைக்கிற சின்னப் பெட்டிக்குத் தைத்த மாதிரிப் பொருந்தும். இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டில் கிழமைக்கு ஒன்றிரண்டாவது சேரும். பாண் பை, அரிசி வந்த சின்னப் பை எல்லாம் சரி. பையே வேண்டாம் என்றால் பேப்பரில் சுற்றிப் போட்டாலும் நிலையத்துக்கு இன்னும் நல்லது, அவர்கள் வாரி எடுக்க வேண்டிய பிளாஸ்ரிக் அவ்வளவுக்குக் குறையும்.

அந்தக் கஞ்சி பிறகு காற்றே புகாத பெரிய தொட்டிகளுக்குப் போகிறது. எங்கள் உடம்புச் சூட்டளவு வெப்பத்தில், இரண்டு கிழமைக்கும் மேலாக, நுண்ணுயிர்கள் அதைத் தின்று மீத்தேன் நிறைந்த எரிவாயுவாக மாற்றுகின்றன. மாட்டின் வயிற்றில் நடப்பதுதான் அங்கேயும் நடக்கிறது, ஊரில் சாண எரிவாயுக் கிடங்கு பார்த்தவர் என்றால் மாமாவுக்கு ஒரு சொல்லில் விளங்கும். டஃபரின் நிலையத்தில் 2021 முதல் அந்த வாயுவைச் சுத்திகரித்து, வீடுகளுக்கு வருகிற இயற்கை எரிவாயுக் குழாய்க்குள்ளேயே விடுகிறார்கள். மிஞ்சுகிற திடக்கழிவை நீர் வடித்துக் கூட்டெருவாக்குகிறார்கள். உங்கள் வீட்டு மீன் குடலும் சின்னவனின் பம்பர்ஸுக்குள் இருக்கும் பஞ்சும் எல்லாம் இந்தப் பாதையில்தான் போகின்றன.

வேலையிடத்து ஆள் சொன்னது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும், அவர் கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறார். இங்கே பல ட்ரக்குகளுக்கு உள்ளே நடுவில் தடுப்பு உண்டு, ஒரு பக்கம் கிறீன் பின், மற்றப் பக்கம் காபேஜ். தெருவில் நின்று பார்த்தால் ஒரே ட்ரக்கில் இரண்டையும் கொட்டுவது போலத்தான் தெரியும். உள்ளே சேராது, போய் இறக்கும் இடமும் வேறு வேறு. இனி யாராவது இதைச் சொன்னால் ட்ரக்கின் பின்புறத்தைப் பார்க்கச் சொல்லுங்கள், இரண்டாகப் பிரிந்திருப்பது தெரியும்.

பிரிக்காவிட்டால் என்ன ஆகும் என்றும் சொல்ல வேண்டும், இதுதான் நான் இந்த வேலையில் இவ்வளவு காலம் நிற்பதற்குக் காரணம். ரொறன்ரோவின் பழைய குப்பை மேடு கீல் வலி 2002 கடைசியில் மூடப்பட்டது. அதன் பிறகு இந்த நகரத்தின் குப்பை பல வருடம் 401 நெடுஞ்சாலை வழியாக எல்லை தாண்டி அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்துக்குப் போனது, ஒவ்வொரு நாளும், ட்ரக் ட்ரக்காக. அது 2010 முடிவோடு நின்றது. கிறீன் பின் எற்றோபிக்கோவில் தொடங்கியதும் அதே 2002இல்தான், 2005இல் நகரம் முழுக்க வீடுகளுக்கு வந்தது. இப்போது காபேஜ் போவது ஒன்ராறியோவில் இருக்கும் லண்டன் நகருக்குப் பக்கத்தில், இங்கிருந்து ஏறக்குறைய 200 கிலோமீற்றர் தள்ளி இருக்கிற கிறீன் லேன் என்ற மேட்டுக்கு. 2007இல் மாநகராட்சி வாங்கியது. 2035 வாக்கில் அதுவும் நிரம்பிவிடும் என்று மாநகராட்சி கணக்குப் போட்டிருக்கிறது. உங்கள் வீட்டு மீன் குடலும் கத்தரிக்காய்க் காம்பும் அங்கே போய் மண்ணுக்குள் காற்றில்லாமல் அழுகினால் வருவதும் அதே மீத்தேன்தான். அந்த மேட்டிலும் வாயுவைப் பிடிக்கக் குழாய் வைத்திருக்கிறார்கள், ஆனால் மூடிய தொட்டியில் பிடிப்பது மாதிரி மேட்டில் முழுக்கப் பிடிக்க முடியாது. நூறு வருடக் கணக்கில் மீத்தேன் கரியமில வாயுவைவிட ஏறக்குறைய 28 மடங்கு பூமியைச் சூடாக்கும். ஒரே கழிவு, ஒரு பக்கம் போனால் அடுப்புக்கு எரிவாயு, மற்றப் பக்கம் போனால் வானத்துக்கு வெப்பம். ஆறு பேர் உள்ள, நாளுக்கு மூன்று நேரமும் சமைக்கிற உங்கள் வீடு மாதிரி வீடுகள்தான் இதில் எடை கூடியவை. அதனால்தான் உங்களைக் கைவிட எனக்கு மனமில்லை.

மாமாவின் கிடங்குக்கு வருவோம். அவர் சொல்வதில் பாதிக்கு நான் முழுமனதாகச் சம்மதம். ஊரில் வளவு பெரிது, வருடம் முழுக்கச் சூடு, தாட்டது ஒரு மாதத்தில் உக்கிவிடும். இங்கே குளிர்காலத்தில் நிலம் கல்லாக இறுகிவிடும், கிடங்கு வெட்டவே முடியாது, போட்டது உறைந்து கிடந்து சித்திரையில் இளகும்போது ஒன்றாக நாறும். மீனும் இறைச்சியும் தாட்டால் றக்கூனும் எலியும் ஸ்கங்க்கும் அந்த இரவே தோண்டும், பக்கத்து வீட்டு மனுசி திரும்பவும் முகத்தைத் திருப்புவா. ஆனால் மரக்கறித் தோல், பழத் தோல், முட்டைக்கோது, தேத்தண்ணிச் சக்கை, பூ, இவற்றையெல்லாம் மாமாவிடம் கொடுங்கள். ஒரு கூட்டெருப் பெட்டி வாங்கிப் பின்வளவில் வெயில் படும் இடத்தில் வைத்து, இலையுதிர்காலத்தில் கூட்டி அள்ளுகிற காய்ந்த மேப்பிள் இலையை இரண்டு மூன்று பையில் பத்திரப்படுத்தி, ஒரு பங்கு பச்சைக்கு இரண்டு மூன்று பங்கு காய்ந்த இலை என்று போட்டு, இடைக்கிடை கிளறச் சொல்லுங்கள். அடுத்த வருடம் கத்தரிக்கும் பயற்றைக்கும் பசளை அதுவே. இந்த ஊரில் எங்கள் பெரியவர்கள் கோடைக்கு நாலு மாதம் வைக்கிற தோட்டத்தைப் பார்த்தால் வியப்பாக இருக்கும், அதற்குக் காசு கொடுத்துப் பசளை வாங்குவதைப் பார்த்தால் மனதுக்குக் கஷ்டமாக இருக்கும். ஆகவே மாமா வீட்டுக்குள் தோற்க வேண்டியதில்லை. மரக்கறி மாமாவுக்கு, மீன், இறைச்சி, சமைத்த சாப்பாடு, எண்ணெய் பட்டது, பம்பர்ஸ் கிறீன் பின்னுக்கு.

மற்றச் சந்தேகங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விரதச் சாப்பாடு முடிந்த வாழையிலை கிறீன் பின்னுக்குப் போகலாம், சாமிப் படத்துக்குப் போட்ட மாலையும் போகலாம், ஆனால் நூலையும் கம்பியையும் கழற்றிவிடுங்கள், அந்த நூல் நிலையத்து இயந்திரத்தில் சுற்றிக்கொள்ளும். எண்ணெய் ஒற்றிய கிச்சின் பேப்பர் போகலாம். வடை, முறுக்குச் சுட்ட எண்ணெய் கொஞ்சம் என்றால் பேப்பரில் ஊறவைத்துப் போடுங்கள், சட்டி நிறைய என்றால் ஆறவிட்டுப் போத்தலில் அடைத்து மாநகராட்சியின் ட்ரொப் ஓஃப் இடத்தில் கொடுங்கள், ஸ்காபரோவிலேயே ஒன்று இருக்கிறது. மீன் வந்த வெள்ளை ரெஜிஃபோம் தட்டு போகவே கூடாது, ட்ரையரில் சேருகிற பஞ்சும் கூடாது. தேங்காய்ச் சிரட்டையை மாமா தோட்டத்தில் நாற்றுப் போட எடுத்துக்கொள்ளட்டும், அது காற்றில்லாத் தொட்டிக்குள் எத்தனை கிழமை கிடந்தாலும் கரையாத பொருள். புல்லும் காய்ந்த இலையும் கிறீன் பின்னுக்கு இல்லை, அவற்றுக்குத் தனியாகக் காகிதப் பை. வேறு எதிலும் சந்தேகம் வந்தால் மாநகராட்சியின் "வேஸ்ற் விசார்ட்" தேடலில் பொருளின் பெயரை அடித்தால் எந்தப் பின் என்று காட்டும், பிள்ளைகளிடம் அந்த வேலையைக் கொடுங்கள்.

காசு விஷயமும் ஒன்று. கிறீன் பின்னுக்குத் தனிக் கட்டணம் இல்லை. காபேஜ் பின்னுக்குத்தான் அளவைப் பொறுத்துக் கட்டணம், பெரிது என்றால் கூட, சின்னது என்றால் குறைவு. ஆறு பேர் வீட்டில் சாப்பாட்டுக் கழிவும் பம்பர்ஸும் கிறீன் பின்னுக்கு மாறினால் காபேஜ் பின் எவ்வளவு காலியாகும் என்று இரண்டு மாதம் பாருங்கள். பாதிதான் நிறைகிறது என்றால் சின்னப் பின்னுக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாம்.

அப்பார்ட்மென்றில் இருந்து இதை வாசிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பல கட்டிடங்களில் கிறீன் பின் கீழே ஒரு அறையிலோ வெளியிலோ இருக்கும், யாரும் சொல்லித் தராததால் தெரியாமல் இருப்பீர்கள், கட்டிட நிர்வாகத்திடம் கேளுங்கள். உங்களுக்கு ஃப்ரீசர் வழிதான் எல்லாவற்றிலும் நல்லது, நினைத்த நேரம் கீழே கொண்டுபோய்ப் போடலாம், ட்ரக் நாளுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

தங்கச்சி, இன்று மாலை பூட்டை மட்டும் இழுத்துப் பாருங்கள். பிறகு உங்கள் தெருவுக்கு ட்ரக் வரும் நாளையும், மாமி மீன் சமைக்க விரும்பும் நாட்களையும் எனக்கு எழுதுங்கள், கோடை தொடங்குவதற்கு முன் அந்த இரண்டையும் எப்படிப் பொருத்தலாம் என்று நாள் குறித்துத் தருகிறேன்.